சக்கரத்தில் கேட்கும் உறுமல்: வீல் பேரிங் பழுதைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

வீல் பேரிங் கெட்டால் கார் உடனே நின்றுவிடாது. முதலில் வருவது ஒரு சத்தம்தான். 40 கிலோமீட்டர் வேகத்தில் லேசான முனகலாகத் தொடங்கி, 60-இல் தெளிவான உறுமலாகி, 80-ஐத் தாண்டும்போது உள்ளே பேசுபவர்கள் குரலை உயர்த்த வேண்டிய அளவுக்கு வளரும். வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதால் ஓட்டுபவரின் காது அதற்குப் பழகிவிடுகிறது. வெகுநாள் கழித்து அந்தக் காரில் ஏறும் நண்பரோ உறவினரோதான் பெரும்பாலும் முதலில் கவனிக்கிறார்கள்.

இந்தப் பழுதில் பணமும் நேரமும் வீணாவது இரண்டு இடங்களில். ஒன்று, சத்தம் எந்தச் சக்கரத்தில் என்று உறுதி செய்யாமலே பிரிப்பது. மற்றொன்று, புதிய பேரிங்கைத் தவறான வளையத்தில் அழுத்தி ஏற்றுவது. இரண்டையும் தவிர்த்தால் மீதி வேலை பொறுமையும் சரியான கருவிகளும் இருந்தால் முடிந்துவிடும். தமிழ்நாட்டுச் சாலைகளில் மிகுதியாக ஓடும், முன்சக்கரத்தால் இயங்கும் சிறிய ஹேட்ச்பேக் கார்களின் முன்பக்கப் பேரிங்கையே இங்கே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

பேரிங்குக்குள் நடப்பது

இவ்வகைக் கார்களின் முன்சக்கரத்தில் இருப்பது இரட்டை வரிசைக் குண்டு பேரிங். வெளிவளையம் நக்கிள் எனப்படும் வார்ப்பு இரும்புத் துண்டுக்குள் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். ஒரு சர்க்ளிப் அதை நகரவிடாமல் பிடித்துக்கொள்ளும். இரு துண்டுகளாக இருக்கும் உள்வளையத்துக்குள் ஹப் ஏறியிருக்கும். ஹப்பின் நடுவே டிரைவ் ஷாஃப்ட் நுழைந்து, முனையில் பெரிய நட்டால் முடுக்கப்பட்டிருக்கும். இரு வளையங்களுக்கும் நடுவே இரண்டு வரிசைகளில் எஃகுக் குண்டுகள், அவற்றைச் சூழ்ந்து கிரீஸ், இரு பக்கமும் ரப்பர் சீல். தொழிற்சாலையிலேயே கிரீஸ் நிரப்பி மூடப்பட்ட இந்தப் பேரிங்கைத் திறந்து பராமரிக்க வழியில்லை.

ஓடும்போது வெளிவளையம் அசையாது. ஹப்போடு உள்வளையம்தான் சுற்றும். ஆகவே காரின் எடை பெரும்பாலும் வெளிவளையத்தின் ஒரே பகுதியில்தான் இறங்குகிறது. ஆண்டுக்கணக்கில் குண்டுகள் அந்த இடத்தை மிதித்துச் செல்லச் செல்ல, எஃகின் மேற்பரப்புக்கு அடியில் நுண்ணிய வெடிப்பு தோன்றி, ஒரு நாள் மெல்லிய செதிலாகப் பெயர்ந்து விழும். கெட்டுப்போன பேரிங்கை அறுத்துப் பார்த்தால், கண்ணாடிபோல மின்ன வேண்டிய ஓடுபாதையில் கடுகளவுக் குழிகள் வரிசையாகத் தெரியும். அவற்றின் ஓரங்கள் விரல் நகத்தில் தட்டுப்படும். ஒவ்வொரு குண்டும் அந்தக் குழியில் இறங்கி ஏறுவதே வெளியே உறுமலாகக் கேட்கிறது.

இயல்பான தேய்மானத்தைவிட வேறு காரணங்களால் முன்கூட்டியே கெடுபவை ஏராளம். அவற்றில் முதலிடம் தண்ணீருக்கு. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான ஹப், தேங்கிய மழைநீரில் இறங்கும்போது சட்டென்று குளிர்கிறது. உள்ளிருக்கும் காற்று சுருங்க, தேய்ந்த சீலின் விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் சென்னையில் நடந்ததுபோல வெள்ளத்தில் கார் மணிக்கணக்காக மூழ்கி நின்றால் ஆபத்து இன்னும் அதிகம். தண்ணீர் புகுந்த கிரீஸ் பால்விட்டாற்போல் வெளுத்து, வழுவழுப்பை இழக்கும். குண்டுகள் நின்ற இடத்திலேயே துரு பிடிக்கும்.

இரண்டாவது காரணம் அடி. வேகமாகப் பள்ளத்தில் இறங்குவதும், நடைபாதைத் திண்டில் சக்கரம் மோதுவதும் ஓடுபாதையில் குண்டின் வடிவில் ஒரு பள்ளத்தைப் பதித்துவிடும். மூன்றாவது கூடுதல் சுமை. குண்டு பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். சுமை இருமடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்றாகிவிடும். ஸ்பேசர் வைத்தும், காருக்குப் பொருந்தாத ஆஃப்செட் கொண்ட அலாய் வீல் மாட்டியும் சக்கரத்தை வெளியே தள்ளும்போது பேரிங்கின் மீது நெம்பும் விசை கூடுவதால், அதே கணக்கு அங்கும் வேலை செய்கிறது.

சத்தத்தின் தன்மை

பேரிங் சத்தம் ஏன் தொடர்ச்சியான உறுமலாக இருக்கிறது என்பதைச் சின்னக் கணக்கால் புரிந்துகொள்ளலாம். 165/80 ஆர்14 அளவு டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சக்கரம் நொடிக்குச் சுமார் எட்டரை முறை சுற்றும். ஒரு வரிசையில் 13 குண்டுகள் இருப்பதாகக் கொண்டால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் வெளிவளையத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தை ஏறக்குறைய ஐந்து குண்டுகள் கடக்கும். அதாவது நொடிக்கு 44 இடிகள். வேகம் 80 ஆனால் அது 59 ஆகும். காது இவற்றைத் தனித்தனி இடிகளாகப் பிரித்துக் கேட்காது. அடித்தொண்டையில் எழும் ஒரே ஊங்காரமாகவே கேட்கும்.

டயரில் ஓரிடத்தில் வீக்கமோ தட்டையோ இருந்தால், அது சுற்றுக்கு ஒருமுறைதான் தரையில் அடிக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு எட்டரை அடி. இது ‘தடதட’வென்று எண்ணிவிடக்கூடியதுபோல் கேட்கும், ஸ்டியரிங்கிலும் அதிரும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு காரை ஓட்டிப் பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஓட்டிப் பார்த்துக் கண்டறிதல்

வண்டி நடமாட்டம் குறைந்த, நேரான, நல்ல தார்ச்சாலை வேண்டும். ஏசி, ஆடியோ இரண்டையும் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, முடிந்தால் பின் இருக்கையில் இன்னொருவரை உட்கார வைத்துச் சோதிப்பது நல்லது. முன்னிருந்து வரும் சத்தமா பின்னிருந்து வருவதா என்று ஓட்டுநரால் மட்டும் எளிதில் சொல்ல முடியாது.

முதல் கேள்வி, சத்தம் இன்ஜினோடு சேர்ந்ததா, சக்கரத்தோடு சேர்ந்ததா என்பது. 60 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றினால் இன்ஜின் சுற்று ஏறும், வேகம் மாறாது. சத்தமும் மாறவில்லை என்றால் இன்ஜின் குற்றவாளி அல்ல. பிறகு நியூட்ரலில் போட்டு உருளவிட வேண்டும். அப்போதும் உறுமல் தொடர்ந்து, வேகம் குறையக் குறைய இறங்கினால், பழுது சக்கரங்களின் பக்கம்தான். இந்தச் சோதனையில் இன்ஜினை அணைக்கவே கூடாது. அணைத்தால் பிரேக் உதவியும் ஸ்டியரிங் உதவியும் போய்விடும். சாவியை முழுவதும் திருப்பினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளக்கூடும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் மட்டும் சத்தம் மாறினால், கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி, இடமா வலமா. 50 கிலோமீட்டர் வேகத்தில், சாலை காலியாக இருக்கும்போது, மெதுவாக இடப்பக்கமும் வலப்பக்கமும் ஸ்டியரிங்கை மாற்றி மாற்றித் திருப்ப வேண்டும். கார் இடப்பக்கம் திரும்பும்போது எடை வலப்பக்கச் சக்கரங்களுக்குச் சாயும். அப்போது உறுமல் ஓங்கினால் பழுது பெரும்பாலும் வலப்பக்கம். வலப்பக்கம் திரும்பும்போது ஓங்கினால் இடப்பக்கம். எதிர்ப்பக்கம் திரும்பியதும் சத்தம் அடங்குவது இதை மேலும் உறுதி செய்யும். ஆனால் இரட்டை வரிசைப் பேரிங்கில் ஒரு வரிசை மட்டும் கெட்டிருக்கும்போது இந்த விதி சில நேரம் தலைகீழாகிவிடும். அதனால் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், எந்தப் பக்கத்தை முதலில் பார்ப்பது என்பதற்கான குறிப்பாக மட்டும் கொள்வது நல்லது.

டயரா, பேரிங்கா?

பேரிங் என்று மாற்றப்பட்டு, சத்தம் அப்படியே இருந்து, கடைசியில் டயர் என்று தெரியவரும் கதை பட்டறைகளில் அடிக்கடி நடப்பது. ஷாக் அப்சார்பர் தளர்ந்தாலோ, அலைன்மென்ட் விலகினாலோ, டயரை நெடுங்காலம் இடம் மாற்றாமல் ஓட்டினாலோ டயரின் பூக்கள் மேடும் பள்ளமுமாகத் தேயும். அந்த டயர் எழுப்பும் ஓசை பேரிங் உறுமலை அப்படியே ஒத்திருக்கும்.

பிரித்தறிய மூன்று வழிகள் உண்டு. முதலாவது, உள்ளங்கையை டயரின் பரப்பில் வைத்து முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை தடவுவது. ஒரு திசையில் வழுக்கிச் சென்று, எதிர்த்திசையில் ரம்பப் பல்போல் கை தட்டினால் தேய்மானம் சீராக இல்லை. கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயராக இருந்தால் கையைக் கிழித்துவிடும் என்பதால் முதலில் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, சாலையை மாற்றுவது. தார்ச்சாலையிலிருந்து கான்கிரீட் சாலைக்கு ஏறியதும் டயர் சத்தத்தின் சுருதி மாறும். பேரிங் சத்தம் மாறாது. மூன்றாவது, முன் டயர்களைப் பின்னும் பின் டயர்களை முன்னும் மாற்றிப் போடுவது. சத்தம் இடம் மாறினால் டயர். அங்கேயே நின்றால் பேரிங். செலவில்லாத இந்த மூன்றாவது சோதனையைச் செய்யாமல் எந்தப் பேரிங்கையும் பிரிக்க வேண்டியதில்லை.

மற்றச் சத்தங்களைப் பிரித்தறிவது எளிது. முழுவதும் ஸ்டியரிங்கை ஒடித்து நகர்த்தும்போது ‘டக் டக்’ என்று வந்தால் சிவி ஜாயின்ட். பிரேக்கை மிதித்தால் மாறும் கீச்சொலி பிரேக் பேடு. தகரம் உரசும் ஓசை எந்த வேகத்திலும் கேட்டால், டிஸ்குக்குப் பின்னால் இருக்கும் தகர மறைப்பு வளைந்திருக்கலாம், அல்லது நடுவே கல் மாட்டியிருக்கலாம்.

ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தல்

சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியில் தூக்கியபின் ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் கைவைப்பது உயிருக்கு ஆபத்து.

கடிகார முள்ளின் 12 மணி, 6 மணி இடங்களில் சக்கரத்தைப் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால், மற்றொருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஆட்டிப் பார்க்கலாம். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் அது பேரிங்கில் உள்ள ஆட்டம். நிற்காமல் தொடர்ந்தால் பால் ஜாயின்ட்டையோ சஸ்பென்ஷன் புஷ்ஷையோ பார்க்க வேண்டும். 3 மணி, 9 மணி இடங்களில் மட்டும் ஆடினால் பெரும்பாலும் டை ராட் எண்ட்.

ஆட்டமே இல்லை என்பதற்காகப் பேரிங் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. இக்காலத்துப் பேரிங்குகள் ஆட்டம் வருவதற்கு வெகு முன்பே சத்தம் போடத் தொடங்கிவிடும். அதனால் அடுத்த சோதனைதான் முக்கியமானது. ஒரு கையால் சஸ்பென்ஷன் சுருள்வில்லைத் தொட்டபடி, மறுகையால் சக்கரத்தை வேகமாகச் சுற்ற வேண்டும். நல்ல பேரிங்கில் சுருளில் எதுவும் உணரப்படாது. கெட்ட பேரிங்கில் மணல் அரைபடுவதுபோல் ஒரு நறநறப்பு சுருள் வழியாக விரல்களுக்கு ஏறிவரும். காதுக்கு எட்டாத பழுதும் கைக்கு எட்டிவிடும். இதே சோதனையை எதிர்ப்பக்கச் சக்கரத்திலும் செய்து ஒப்பிட வேண்டும். ஒப்பீடு இல்லாமல் எடுக்கும் முடிவு நம்பத்தக்கதல்ல. நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை நக்கிளில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பும் இதே வேலையைச் செய்யும்.

சில கார்களில் ஏ.பி.எஸ். விளக்கு எரிவதும் துப்பாகும். பேரிங்கில் ஆட்டம் வந்தால் சென்சாருக்கும் அது படிக்கும் வளையத்துக்கும் இடையிலான இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். கணினி அதைப் பழுதாகப் பதிவு செய்யும்.

எவ்வளவு நாள் ஓட்டலாம்?

லேசான முனகல் மட்டும் இருந்து, ஆட்டம் இல்லாவிட்டால், மெதுவாகப் பட்டறை வரை ஓட்டிச் செல்வதில் பெரிய ஆபத்து இல்லை. சக்கரத்தில் ஆட்டம் உணரப்பட்டாலோ, சத்தம் உறுமலிலிருந்து அரைபடும் ஓசையாக மாறினாலோ அந்தக் காரை இழுவை வண்டியில் ஏற்றுவதே சரி. ஆட்டம் டிஸ்கையும் ஆட்டும். டிஸ்க் பிரேக் பேடுகளைப் பின்தள்ளும். அடுத்த முறை பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். முற்றிய நிலையில் பேரிங் சூடேறி இறுகிப்போகலாம்; ஹப் சிதைந்து சக்கரமே பிடிமானம் இழக்கலாம்.

சீலைத் தூக்கிக் கிரீஸ் அடைத்துச் சத்தத்தை அடக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. பெயர்ந்த எஃகைக் கிரீஸால் நிரப்ப முடியாது. சில நாள் சத்தம் தணியும், பழுது உள்ளே வளரும்.

பிரித்தல்

சக்கரம் தரையில் இருக்கும்போதே டிரைவ் ஷாஃப்ட் நட்டைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். நட்டின் விளிம்பு ஷாஃப்ட்டின் பள்ளத்துக்குள் உளியால் அடித்து மடக்கப்பட்டிருக்கும்; அதை நிமிர்த்தாமல் திருகினால் மரை கெடும். நட்டைத் தளர்த்தியபின் காரை அதே சக்கரத்தில் நகர்த்தக் கூடாது. பேரிங்கின் உள்வளையங்களை நெருக்கிப் பிடிப்பதே அந்த நட்டுதான்.

பிறகு காரைத் தூக்கி, சக்கரம், கேலிப்பர், டிஸ்க், ஏ.பி.எஸ். சென்சார் என்ற வரிசையில் கழற்ற வேண்டும். கேலிப்பரைக் கம்பியால் சுருளில் கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் குழாயில் தொங்கவிட்டால் குழாய் உள்ளுக்குள் கிழியும். நக்கிளை ஷாக் அப்சார்பரோடு இணைக்கும் போல்ட்டுகளின் இருப்பைச் சாக்பீஸாலோ பெயின்ட்டாலோ குறித்துக்கொண்டால், திருப்பி மாட்டும்போது கேம்பர் அதிகம் விலகாது. டை ராட், பால் ஜாயின்ட் இரண்டையும் விடுவித்ததும் நக்கிள் கைக்கு வந்துவிடும்.

நக்கிளைப் பிரஸ்ஸில் வைத்து ஹப்பை வெளியே தள்ளும்போது, பேரிங்கின் ஓர் உள்வளையம் ஹப்போடே ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம். அதைப் புல்லரால் இழுக்கலாம். வராவிட்டால், ஹப்பைத் தொடாமல் வளையத்தைக் கிரைண்டரால் பாதி ஆழம் அறுத்து, உளியால் ஒரு தட்டுத் தட்டினால் வெடித்து விலகும். கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது. கடினமாக்கப்பட்ட எஃகு சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அடுத்து சர்க்ளிப்பை எடுத்துவிட்டு, வெளிவளையத்தை நக்கிளிலிருந்து தள்ள வேண்டும்.

இப்போது ஹப்பையும் நக்கிளின் துளையையும் துடைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஹப்பின் தண்டில் வளையம் சுழன்ற கோடோ நீலம் பாய்ந்த தடமோ இருந்தால் அந்த ஹப்பை மாற்றியாக வேண்டும். புதிய பேரிங் நக்கிளுக்குள் கையாலேயே இறங்கினால் துளை தேய்ந்துவிட்டது; பசை போட்டுச் சமாளிக்காமல் நக்கிளை மாற்றுவதே பாதுகாப்பு.

பிரஸ் செய்தல்

மொத்த வேலையின் உயிர்நாடி இந்தக் கட்டம்தான். விதி ஒன்றே: எந்த வளையம் இறுக்கமாக நுழைகிறதோ, அந்த வளையத்தின் மீது மட்டுமே விசை விழ வேண்டும். நக்கிளுக்குள் பேரிங்கை ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். ஹப்பை உள்ளே ஏற்றும்போது, கீழே உள்வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் பல நூறு கிலோ விசை ஒரு வளையத்திலிருந்து மற்றதற்குக் குண்டுகள் வழியாகவே கடக்கும். ஒவ்வொரு குண்டும் ஓடுபாதையில் ஒரு பள்ளத்தைப் பதிக்கும். புதிய பேரிங் மாட்டிய முதல் நாளே சத்தம் போடுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். சுத்தியலால் அடித்து ஏற்றுவதும் இதே சேதத்தைச் செய்யும்.

ஏ.பி.எஸ். உள்ள கார்களில் இன்னொரு கவனம் தேவை. பல பேரிங்குகளில் ஒரு பக்கச் சீலிலேயே காந்த வளையம் பதிந்திருக்கும். கண்ணுக்கு இரு பக்கமும் ஒன்றுபோலத் தெரியும். சென்சார் இருக்கும் பக்கம் காந்தப் பக்கம் வர வேண்டும். மாற்றி ஏற்றினால் பேரிங்கை வெளியே எடுக்கும்போதே அது பாழாகிவிடும். காந்தத் தடத்தைக் காட்டும் அட்டை கடைகளில் கிடைக்கும். இரும்புத்தூள் ஒட்டவும் விடக் கூடாது, வேறு காந்தத்தை அருகே கொண்டுவரவும் கூடாது.

சர்க்ளிப் தன் பள்ளத்தில் முழுவதும் உட்கார்ந்ததா என்று பார்த்தபின் எல்லாவற்றையும் திருப்பி மாட்டலாம். ஷாஃப்ட் நட்டு புதிதாக இருக்க வேண்டும். அதை அந்தக் காரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். சிறிய கார்களிலும் இந்த அளவு பெரும்பாலும் 150 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகும். குறைவாக முடுக்கினால் உள்வளையங்கள் விலகும், மிகையானால் நெருங்கிச் சூடேறும். இம்பாக்ட் கன்னால் கண்டபடி முடுக்குவது இரண்டையும் அறியாமல் செய்வதாகும். முடித்ததும் விளிம்பை மடக்க வேண்டும். வீல் அலைன்மென்ட்டும் பார்த்துவிட வேண்டும்.

மற்ற வகைகள்

சில கார்களில் ஹப், பேரிங், சென்சார் எல்லாம் ஒரே தொகுப்பாக வரும். மூன்று நான்கு போல்ட்டுகளைக் கழற்றினால் மொத்தமாக வெளியேறும், பிரஸ் தேவையில்லை. பாகத்தின் விலை கூடுதல், கூலி குறைவு. பின்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள சில சிறிய கார்களில் பேரிங் டிரம்முக்குள்ளேயே அமர்ந்திருக்கும்; அங்கும் பிரஸ் விதி அதேதான்.

பழைய வண்டிகளிலும் டிரெய்லர்களிலும் கூம்புருளைப் பேரிங்குகள் இணையாக இருக்கும். ஹென்றி டிம்கென் குதிரை வண்டி அச்சுகளுக்காக 1898-இல் காப்புரிமை பெற்ற வடிவத்தின் வழித்தோன்றல்கள் இவை. இவற்றைக் கழுவி, புதுக் கிரீஸ் அடைத்து மீண்டும் பயன்படுத்தலாம். மாற்றினால் வெளிக் கிண்ணத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சக்கரத்தைச் சுற்றியபடி நட்டை முடுக்கி, பிறகு தளர்த்தி, விரல் இறுக்கத்துக்குக் கொண்டுவந்து காட்டர் பின் போடுவார்கள். மற்றப் பேரிங்குகளைப் போல் இவற்றை ஓங்கி முடுக்கினால் சில கிலோமீட்டரிலேயே எரிந்துவிடும்.

மாற்றிய பிறகு

பேரிங் வாங்கும்போது அங்கீகரிக்கப்பட்ட கடையை நாடுவது அவசியம். பெயர்பெற்ற நிறுவனங்களின் பெயரில் போலிகள் சந்தையில் நிறையவே உள்ளன. உறையின் அச்சு மங்கலாக இருப்பது, பேரிங்கில் பொறித்த எண்ணும் பெட்டியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகாதது, நம்ப முடியாத அளவுக்கு விலை குறைவாக இருப்பது ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். கெட்டதை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் இரு சக்கரங்களும் ஒரே வெள்ளத்தில் நின்றிருந்தால் மறுபக்கத்தையும் சோதித்துவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் பழைய சாலையில், பழைய வேகத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும். சரியான பேரிங் மாற்றப்பட்டிருந்தால் உறுமல் முற்றிலும் போயிருக்கும். ‘ஓட ஓடச் சரியாகிவிடும்’ என்பது இந்தப் பழுதுக்குப் பொருந்தாது. பாதி குறைந்து மீதி இருந்தால் டயர்களையும் எதிர்ப்பக்கத்தையும் பார்க்க வேண்டும். சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் அதே சக்கரம் மீண்டும் உறுமினால், இன்னொரு பேரிங்கை வாங்கி மாட்டுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும்: ஹப் தேய்ந்திருக்கிறதா, நக்கிளின் துளை விரிந்திருக்கிறதா, நட்டின் முடுக்கு சரியா, வாட்டர் சர்வீஸில் ஹப்பின் சீலை நோக்கி நேராகத் தண்ணீர் பீய்ச்சப்பட்டதா, பொருந்தாத வீல் மாட்டப்பட்டிருக்கிறதா. இவற்றில் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்படும்வரை, அந்த இடத்தில் எவ்வளவு நல்ல பேரிங்கை ஏற்றினாலும் அது நிலைக்காது.